ஆயில் கூலர் பொருத்துதல்: தெர்மோஸ்டாட்டை ஏன் விடக்கூடாது

ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக மாற்றியமைத்த காருக்கு ஆயில் கூலர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை ரோ, அதாவது ஆயில் ஓடும் குழாய் வரிசை, வேண்டும் என்பதைத்தான். பதின்மூன்றா, பதினாறா, பத்தொன்பதா? இந்த அத்தியாயத்தில் அந்தக் கேள்வி கடைசிப் பாதியில்தான் வரும். கூலர் சிறியதாகப் போனால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். ஆயிலின் சூட்டைப் பார்த்துக் கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டிய கூலர் செய்யும் சேதம் அப்படி உடனே கண்ணில் படாது. ஆயிலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குளிர வைப்பதுதான் கூலரின் வேலை என்று நினைப்பதால் வரும் தவறு இது. ஆயிலைக் குறிப்பிட்ட ஒரு வெப்ப எல்லைக்குள் நிறுத்தி வைப்பதே அதன் வேலை. எந்த இடத்தில் மாட்டுவது, என்ன ஹோஸ் போடுவது, எப்படிச் சோதிப்பது என்ற எல்லா முடிவுகளும் இந்த ஒரு புரிதலிலிருந்து வருபவை. ‘நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குங்க?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத் தோன்றும் கேள்விதான். அதற்கான பதிலை எண்களில் தேட வேண்டும்.

பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின் பலம் ஆயிலின் பாகுத்தன்மையைப் பொறுத்தது. எஸ்.ஏ.இ ஜே300 தரநிர்ணயம் இதை 100 டிகிரி செல்சியஸில் அளந்து வகைப்படுத்துகிறது: 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு என்றால் 16.3 முதல் 21.9 வரை. தரவுத்தாளில் 40 டிகிரிக்கு 80 என்றும் 100 டிகிரிக்கு 13.5 என்றும் போட்டிருக்கும் சாதாரண 5டபிள்யூ-40 ஆயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பாகுத்தன்மைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் அது 70 டிகிரியில் 29 சென்டிஸ்டோக்ஸ் வரும். 120 டிகிரியில் 9 ஆகிவிடும், 140 டிகிரியில் ஆறரை. அதாவது 120 டிகிரி ஏறிய 40 கிரேடு ஆயில், 100 டிகிரியில் 30 கிரேடுக்கு வகுத்த கீழெல்லையை விடவும் நீர்த்துப் போயிருக்கிறது. சம்ப்பில் 140 காட்டும்போது பேரிங்கின் இடுக்கில் இருக்கும் ஆயில் அதைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது மேல் எல்லையின் கதை. இதை எல்லோரும் அறிவார்கள், கூலர் வாங்குவதும் இதற்காகத்தான். அதே அட்டவணையின் மறுமுனையை யாரும் பார்ப்பதில்லை. 70 டிகிரியில் ஓடும் ஆயில், 100 டிகிரியில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியானது. அதைத் தள்ளுவதற்குப் பம்ப் கூடுதல் சக்தியை எடுத்துக்கொள்ளும். பிரஷர் மீட்டரில் முள் உயரமாக நிற்கும், ஓட்டுநருக்கு மனநிறைவாக இருக்கும். ஆனால் உயர்ந்த பிரஷர் என்பது நிறைய ஆயில் போகிறது என்பதற்கு ஆதாரமில்லை. கெட்டியான ஆயில் போவதற்குத் தடை அதிகம் என்பதையும் அது அப்படியேதான் காட்டும்.

குளிர்ந்த ஆயிலின் இன்னொரு தீங்கு வேதியியல் சார்ந்தது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் வந்துவிடும், எரியாத பெட்ரோலும் வரும். ட்யூன் செய்த இன்ஜினில் பெட்ரோல் கலவையைச் சற்று அதிகமாகவே வைப்பதால் இந்தக் கசிவு கூடும். ஆயில் 90, 100 டிகிரியை அடிக்கடி தொட்டால் இந்த நீரும் பெட்ரோலின் பெரும்பகுதியும் ஆவியாகி பிரீதர் வழியே போய்விடும். 70 டிகிரியிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அவை ஆயிலிலேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெளிறிய பாலாடை போன்ற படிவு தெரிவது இதனால்தான். நீரும் எரிகழிவும் சேர்ந்து உண்டாக்கும் அமிலம் பேரிங்கின் மேற்பூச்சை அரிக்கும், கலந்த பெட்ரோல் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். இங்கே ஒரு விபரீதம் இருக்கிறது. அதிகமாகக் குளிர்ந்ததால் பெட்ரோல் தங்கிப்போன ஆயில், அடுத்த முறை டிராக்கில் சூடேறும்போது தன் கிரேடுக்குரிய பலத்துடன் இருக்காது. வாரத்துக்கு இரண்டு நாள் சாலையிலும் மாதத்துக்கு ஒரு நாள் டிராக்கிலும் ஓடும் காருக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயம் என்று ஒதுக்க முடியாது.

இப்போது வெயிலுக்கு வருவோம். கூலர் வெளியேற்றும் வெப்பம், ஆயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்துக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் இருக்கும். ஆயில் 110 டிகிரியில் இருக்கிறது, தை மாதக் காலையில் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 85. சித்திரை மதியத்தில் காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 70. கடுங்கோடை கூலரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட முழுதாகக் குறைப்பதில்லை. உடம்புக்குத் தாங்க முடியாத வெயில் 110 டிகிரி ஆயிலுக்கு இன்னும் நல்ல குளிர்காற்றுதான். இதைச் சாலை ஓட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குச் சீரான வேகத்தில் போகிற கார், டிராக்கில் வேலை செய்வதில் ஒரு சிறு பகுதியைத்தான் செய்கிறது. 80 டிகிரி வித்தியாசத்தில் 6 கிலோவாட் வெளியேற்றும் கூலர் ஒன்றை வைத்துக்கொள்வோம். இந்தப் பயணத்தில் ஆயிலில் ஏறும் வெப்பம் 2 கிலோவாட் மட்டும் என்றால், காற்றைவிட 27 டிகிரி கூடுதலிலேயே சமநிலை வந்துவிடும். 35 டிகிரிக் காற்றில் அது 62 டிகிரி. இன்ஜின் பிளாக்கின் சூடு அதைக் கொஞ்சம் தூக்கிவிடும் என்றாலும் 90-ஐத் தொடுவது கடினம். ஆக, வெயில் அதிகம் என்பதால் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்ற வாதம் நிற்கவில்லை. பந்தயத்துக்கு மட்டுமே பயன்படும், டிரெய்லரில் ஏற்றிவந்து இறக்கும் காருக்கு ஒரு விலக்கு தரலாம். அங்கேயும் கெட்டியான குளிர் ஆயில் ஒவ்வொரு முறையும் கூலர் வழியே சுற்றிவந்தால் வார்ம்-அப் நீளும், அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம். நான் அந்தக் காருக்கும் தெர்மோஸ்டாட்டைத்தான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது, உங்கள் காருக்குக் கூலர் தேவையா என்பது. குதிரைசக்தியை வைத்து இதை முடிவு செய்கிறார்கள். அதைவிட ஆர்.பி.எம். முக்கியமானது. பேரிங் இடுக்குகளில் ஆயில் உரசப்படுவதாலும், பிஸ்டனின் அடிப்பாகத்தைத் தொட்டுத் திரும்புவதாலும், டர்போ இருந்தால் அதன் தண்டைக் குளிர்விப்பதாலும் ஆயில் சூடாகிறது. உரசலால் வரும் சூடு ஆர்.பி.எம். ஏற ஏற அதைவிட வேகமாக ஏறும். அதனால், சாலையில் எப்போதாவது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும் 200 குதிரைசக்திக் காரைவிட, இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டின் 3.717 கிலோமீட்டர் சுற்றை இருபது நிமிடம் விடாமல் 5,000 ஆர்.பி.எம்-முக்கு மேலேயே ஓட்டும் பழைய எஸ்டீமோ முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியோ ஆயிலை அதிகம் சூடாக்கக்கூடும். கூலன்ட் மீட்டரை நம்பி ஆயிலைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. கூலன்ட்டை அதன் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் 90 டிகிரியை ஒட்டி நிறுத்திவைத்துவிடும், ஆயில் அதற்குத் தொடர்பில்லாமல் சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போகலாம். ஆகவே கூலருக்கு முன்னால் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் வாங்குங்கள். சென்சாரைச் சம்ப்பின் டிரெய்ன் போல்ட்டிலோ, கூலருக்குப் போகும் வழியிலோ வையுங்கள். கூலரிலிருந்து திரும்பும் குழாயில் வைத்தால் எப்போதும் மனதுக்கு இனிய எண்ணையே அது காட்டும். ஒரு முழு டிராக் டே ஓட்டி, ஒவ்வொரு சுற்று முடிவிலும் என்ன காட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 115, 120 டிகிரியில் ஏறாமல் நின்றுவிட்டால் நல்ல சிந்தெடிக் ஆயிலும் அடிக்கடி ஆயில் மாற்றுவதும் போதும், இந்த அத்தியாயத்தின் மீதியைப் படிக்காமலே அடுத்ததற்குப் போகலாம். 130-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தால் கூலர் வேண்டும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் தோராயமாக இரட்டிப்பாகிறது என்பது பொதுவிதி. அந்தக் கணக்கில் 110-க்கும் 140-க்கும் இடையே எட்டு மடங்கு.

கெட்டியான ஆயில் ஊற்றினால் தீராதா என்று கேட்கலாம். ஓரளவு தீரும். 5டபிள்யூ-30 ஊற்றிய இன்ஜின் 125 டிகிரி காட்டினால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் பட்சத்தில் 5டபிள்யூ-40-க்கு மாறுவது மலிவான, சரியான முதல் படி. ஜே300 தரநிர்ணயம் 150 டிகிரியில், பேரிங்கில் நடப்பதைப் போன்ற கடும் உரசலில் அளக்கும் பாகுத்தன்மையையும் வரையறுக்கிறது. அதில் 30 கிரேடுக்கு 2.9 என்றும் 5டபிள்யூ-40-க்கு 3.5 என்றும் மில்லிபாஸ்கல் வினாடியில் கீழெல்லை வைத்திருப்பதால் இந்த மாற்றத்துக்கு உண்மையான பலன் உண்டு. ஆனால் 10டபிள்யூ-60 வரை ஏறிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. கெட்டியான ஆயில் உரசலில் தானே கூடுதல் சூட்டை உண்டாக்கும். ஆயில் பிரஷரில் இயங்கும் வால்வ் டைமிங் அமைப்புள்ள இன்ஜின்களில் அதன் இயக்கமும் தடுமாறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 140 டிகிரியில் ஆயில் கெட்டுப்போகும் வேகத்தைக் கிரேடு மாற்றம் நிறுத்தாது.

இன்னொரு கேள்வி இதைவிட வலுவானது. இன்றைய பல கார்களில், குறிப்பாக டர்போ கார்களில், ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே கூலன்ட் வழியே ஆயிலைக் குளிர்விக்கும் சிறிய வெப்பப் பரிமாற்றி கம்பெனியிலிருந்தே வருகிறது. அதைவிட்டு ஏன் முன்பக்கம் ஹோஸ் இழுக்க வேண்டும்? இந்தக் கருவியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் கூலர் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளையும் அது செய்கிறது. காலையில் கூலன்ட் முதலில் சூடாகி ஆயிலையும் இழுத்து மேலே ஏற்றுகிறது, பிறகு ஆயில் மிஞ்சும்போது கூலன்ட் அதைக் கீழே இழுக்கிறது. வெளியே ஹோஸ் இல்லை, கல் பட்டு உடையும் கோர் இல்லை. சிறிய அளவில் ட்யூன் செய்த காருக்கு, இதை அப்படியே விட்டுவிட்டு நல்ல ரேடியேட்டர் போடுவது புத்திசாலித்தனம். அது எங்கே தோற்கும் என்றால், ஆயிலின் சூடு முழுவதும் ரேடியேட்டரின் தலையில் விழும்போது. டிராக்கில் ஆயிலோடு சேர்ந்து கூலன்ட்டும் 105-ஐத் தாண்டி ஏறுகிறது என்றால் ரேடியேட்டருக்கு இனி இடமில்லை, காற்றில் குளிரும் தனிக் கூலருக்குப் போக வேண்டியதுதான். அப்போதும் கம்பெனிப் பரிமாற்றியைக் கழற்றிவிடாமல் இருக்க முடிந்தால் நல்லது.

தெர்மோஸ்டாட்டை வைக்க எளிய இடம் சாண்ட்விச் பிளேட். இன்ஜின் பிளாக்குக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவே உட்காரும் இந்தத் தகட்டில் கூலருக்குப் போக ஒரு வாயும் திரும்ப ஒரு வாயும் இருக்கும். தெர்மோஸ்டாட் உள்ள தகட்டில் மெழுகு நிரப்பிய சிறு வால்வ் ஒன்று ஆயிலின் சூட்டைப் பார்த்து வழி மாற்றும். பரவலாகக் கிடைக்கும் மோகல் தகடு 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயிலைக் கூலருக்குள் விட்டுக்கொண்டே இருக்கும் அமைப்பு நல்லது, வால்வ் திறக்கும்போது கூலரில் தேங்கி நின்ற குளிர் ஆயில் ஒரேயடியாகப் பேரிங்குகளுக்குப் போகாது. கெட்டுப்போக இன்னொரு பாகம் சேர்கிறதே என்ற அச்சத்துக்கு என் பதில்: இந்த வால்வ் மூடிய நிலையில் நின்றுவிட்டால் ஆயில் கூலரைத் தவிர்த்துவிட்டு நேராக இன்ஜினுக்குப் போகிறது, கூலர் மாட்டுவதற்கு முன்பிருந்த நிலைக்கே கார் திரும்புகிறது. மீட்டர் அதைச் சொல்லிவிடும், ஓட்டத்தைக் குறைத்து பிட்டுக்கு வந்துவிடலாம். ஆயில் ஓட்டமே நின்றுபோகும் ஆபத்து இதில் இல்லை. கழற்றி மாற்றும் காகித ஃபில்டர் உள்ள இன்ஜின்களில் தகடு உட்காராது. அங்கே ஹோஸ்களுக்கு நடுவே பொருத்தும் நான்கு வாய் தெர்மோஸ்டாட்டைப் பயன்படுத்தலாம்.

தகடு வாங்குமுன் பழைய ஃபில்டரைக் கையில் எடுத்து அதன் இழையை அளந்துவிடுங்கள். ஹோண்டாவின் பல இன்ஜின்களில் 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் உள்ள இழை வரும், பழைய ஃபோக்ஸ்வேகன் இன்ஜின்களில் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 இழை. இரண்டும் கண்ணுக்கு அண்ணன் தம்பி போலத் தெரியும், சேராது. தகடு மாட்டியதும் ஃபில்டர் சில சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும், சப்ஃபிரேமிலோ எக்ஸாஸ்டிலோ இடிக்கிறதா என்று முன்பே பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் தகட்டை இறுக்கிவிடாதீர்கள். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் ஐடிலில் கசியாது, 5,000 ஆர்.பி.எம்-மில் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும்.

இனி ரோ கணக்கு. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆயில் கூலர் வழியே போகிறது என்று வைத்தால், அது வினாடிக்கு 0.28 கிலோ. ஆயிலின் வெப்பக் கொள்ளளவைக் கொண்டு பெருக்கினால் 10 டிகிரி இறக்குவதற்கு ஏறக்குறைய 6 கிலோவாட் வெளியேற வேண்டும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு காற்று 30 டிகிரி ஏறலாம் என்றால் வினாடிக்கு 0.2 கிலோ காற்று தேவை. 235 மி.மீ. அகலமுள்ள பதினாறு ரோ கோரின் முகப்பு வழியே இவ்வளவு காற்று போக, அது மணிக்கு 22 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் கோருக்குள் நுழைய வேண்டும். நூறைத் தாண்டி ஓடும் காருக்கு இது எளிது என்று தோன்றும். ஆனால் கார் ஓடும் வேகம் வேறு, கோருக்குள் புகும் காற்றின் வேகம் வேறு. முன்னால் தடுப்பில்லாமல் தொங்கவிட்ட கோரைப் பார்த்து வரும் காற்றில் பெரும்பகுதி, எதிர்ப்பு இல்லாத பக்கவாட்டு வழியைத் தேடிச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ரோவைவிடக் காற்றுப்பாதை முக்கியம் என்கிறேன். இரண்டு லிட்டருக்கு உட்பட்ட நான்கு சிலிண்டர் இன்ஜினுக்குப் பதின்மூன்று அல்லது பதினாறு ரோ, நல்ல டக்ட்டுடன் இருந்தால் போதும். தெர்மோஸ்டாட் இருப்பதால் ஒரு படி பெரிதாக எடுத்தாலும் ஆயில் அளவுக்கு மீறிக் குளிராது. ரோக்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் பெரிய கோரில் பிரஷர் இழப்பும் குறைவே, பெரிய கோருக்கு ஆதரவாக இதைச் சொல்லியாக வேண்டும். விலையாகக் கூடுதல் எடையும், முன்முகத்தில் ஏற்கெனவே இல்லாத இடத்தின் ஒரு பங்கும் போகும்.

இடத்தைப் பொறுத்தவரை, ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டுவது எளிது, ஆனால் கூலரைக் கடந்து சூடான காற்றே ரேடியேட்டருக்குப் போகும். வேறு வழியில்லாவிட்டால் மட்டும் அங்கே. பம்பரின் மூலையில், ஃபாக் லேம்ப் இருக்கும் திறப்புக்குப் பின்னால் மாட்டுவதை நான் விரும்புவேன். ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டில் வளைத்துச் செய்த டக்ட், திறப்பிலிருந்து கோரின் நான்கு ஓரங்களையும் ஃபோம் வைத்து அடைத்தபடி வர வேண்டும். வாய் சிறியதாகத் தொடங்கிக் கோரை நெருங்க நெருங்க விரிய வேண்டும், கோர் முகப்பில் பாதிக்கும் குறைவான வாயே போதும். உள்ளே வரும் காற்றுக்கு வெளியேற வழி இருக்கிறதா என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோருக்குப் பின்னால் ஃபெண்டர் லைனர் மூடியிருந்தால் டக்ட் எவ்வளவு அழகாக இருந்தும் காற்று நகராது. சக்கர வளைவின் முன்பகுதியில் லைனரை வெட்டி வழி விடுங்கள். கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வே போலச் சிறிய சுற்றில் நீண்ட நேர்ப்பாதைகள் குறைவு, ஆர்.பி.எம். உயர்ந்தே இருந்தாலும் காரின் வேகம் குறைவு. காற்றுப்பாதையில் விட்ட குறையெல்லாம் இருங்காட்டுக்கோட்டையைவிட அங்கே சீக்கிரம் வெளிப்படும். கோரின் வாய்கள் மேலே பார்த்தபடி இருந்தால் உள்ளே காற்று சிக்காது, இன்ஜின் நின்றபின் ஆயில் வடிந்துபோகாது. பக்கவாட்டில் வைத்தால் கீழ்வாயில் ஆயில் நுழைந்து மேல்வாயில் வெளியேற வேண்டும். கோரை ரப்பர் புஷ் வைத்தே பிடியுங்கள், சட்டத்தோடு இறுக்கிக் கட்டிய அலுமினியம் அதிர்வில் விரிசல் விடும். முன்னால் ஒரு சென்டிமீட்டர் கண் உள்ள வலை ஒன்றும் வேண்டும், டிராக் ஓரத்துக் கற்களை முன்னால் போகும் கார் எறிந்துகொண்டே இருக்கும்.

ஹோஸ்தான் இந்த வேலையில் உயிர்நாடி. ஏஎன்-10 என்ற அளவு பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களுக்குச் சரி. அதில் 10 என்பது அங்குலத்தின் பதினாறில் பத்துப் பங்கு குழாயைக் குறிக்கிறது, ஹோஸின் உள்விட்டம் 14 மி.மீ. அளவில் இருக்கும். மண்வாரி இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்து கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்கள் போடும் ஜே.ஐ.சி ஃபிட்டிங்கும் ஏஎன் போலவே 37 டிகிரிச் சாய்வு கொண்டது என்பதால் அங்கே செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை, கிரிம்ப் செய்த முனை கையால் பூட்டும் முனையைவிட நம்பகமானதும்கூட. ஆனால் ஒன்றை விசாரித்தே ஆக வேண்டும். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் 100ஆர்1 ரக ஹோஸ் நூற்றுக்கணக்கான பார் பிரஷரைத் தாங்கினாலும், வெப்பத்தில் அதன் எல்லை 100 டிகிரிதான். நம் ஆயில் 120 தொடும். 150 டிகிரிக்குச் சான்று உள்ள ஹோஸைக் கேட்டு வாங்குங்கள், பிரஷர் எண்ணைக் காட்டிச் சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். அடுத்து இழை. ஏஎன்-10 இன் இழை விட்டம் 22.2 மி.மீ., அங்குலத்துக்கு 14 இழை. செட்ராப் போன்ற கூலர்களின் வாயில் 22 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் உள்ள மெட்ரிக் இழை வரும். கையால் பூட்டினால் ஒன்றிரண்டு சுற்று ஏறுவது போலவே இருக்கும், பிறகு இறுகும். ஸ்பானர் போட்டால் கூலரின் வாய் போய்விடும். விரலால் முழுதாக ஏறாத எதையும் ஸ்பானரால் ஏற்றாதீர்கள். 37 டிகிரி ஃபிட்டிங்கில் கசிவை அடைப்பது உலோக முகங்கள்தான், டெஃப்லான் டேப் சுற்றுவதால் பலனில்லை, அதன் துணுக்கு ஆயில் வழியில் போய்ச் சேரும் ஆபத்துதான் உண்டு.

இன்ஜின் தன் மவுண்ட்டில் அசையும், கூலர் சட்டத்தில் நிற்கும். இரண்டையும் இணைக்கும் ஹோஸில் அந்த அசைவுக்கு இடம் விடுங்கள். எக்ஸாஸ்டிலிருந்து விலக்குங்கள், விலக்க முடியாத இடத்தில் வெப்பத் தடுப்பு உறை போடுங்கள். இரும்புக் கம்பி பின்னிய ஹோஸ், தொட்டுக்கொண்டிருக்கும் எதையும் நாளடைவில் ரம்பம் போல அறுக்கும், வயரிங்கை மட்டுமல்ல ரேடியேட்டரையும். தகட்டில் துளைபோட்டு நுழைக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட், நடுநடுவே ரப்பர் வைத்த கிளாம்ப். கூலரின் வாயில் ஃபிட்டிங்கை இறுக்கும்போது ஒரு ஸ்பானரால் வாயைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ஃபிட்டிங் வரை குறுக்காக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு முறிந்திருக்கிறதா என்று ஒரு நொடியில் தெரியும். உங்கள் ஒரு ஃபிட்டிங் தளர்ந்தால் உங்கள் இன்ஜின் மட்டும் போவதில்லை, பின்னால் வருகிறவர் ஆயில் மீது பிரேக் போடுகிறார். டிராக்குக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

இரண்டு மீட்டர் ஹோஸில் 0.3 லிட்டர் ஆயில் பிடிக்கும், கோரில் அதற்கு நிகராகவோ கூடுதலாகவோ. அந்த அளவைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே சம்ப்பில் ஊற்றிவிடாதீர்கள். ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு, பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு ஒவ்வொரு முனையையும் வெள்ளைத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஆயில் 90 டிகிரியைத் தாண்டித் தெர்மோஸ்டாட் திறந்து, கூலரின் இரு வாயும் கைக்குச் சூடாகத் தெரியும்வரை காத்திருங்கள். அதன்பின் அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் முன் பார்த்த அளவை நம்பினால், டிராக்கில் கூலர் நிரம்பும்போது சம்ப்பில் குறையும், இடதும் வலதுமாக வளையும் கார் பம்பின் வாயில் காற்றைக் கொடுத்துவிடும்.

சோதனை ஓட்டத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கூலருக்கு முன்பு அதே டெம்பரேச்சரிலும் அதே ஆர்.பி.எம்-மிலும் குறித்துவைத்த ஆயில் பிரஷர். அரை பாருக்கு மேல் குறைந்திருந்தால் ஹோஸ் மடிந்திருக்கிறதா, தேவையில்லாத 90 டிகிரி எல்போக்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டாவது, முன்பு குறித்த அதே சுற்றுவாரிப் பட்டியல். எண் 95-க்கும் 115-க்கும் நடுவே எங்காவது ஏறி நின்றுவிட வேண்டும். கடைசிச் சுற்றிலும் ஏறிக்கொண்டே இருந்தால் பெரிய கோர் வாங்கும் முன் டக்ட்டின் ஓரங்களையும் காற்று வெளியேறும் வழியையும் பாருங்கள், பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். வீடு திரும்பும் சாலைப் பயணத்திலும் மீட்டரைக் கவனியுங்கள். அங்கே 80-க்குக் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் சரியாக மூடவில்லை.

பழைய கூலர் வாங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் நல்ல கம்பெனிக் கோர்களே குறைந்த விலைக்கு வரும். மற்ற எத்தனையோ பாகங்களை அங்கே தாராளமாக வாங்கலாம், ஆயில் கூலரை மட்டும் வாங்காதீர்கள். அது எந்த இன்ஜினிலிருந்து வந்தது, அந்த இன்ஜின் எப்படிச் செத்தது என்று உங்களுக்குத் தெரியாது. பேரிங் போன இன்ஜினின் உலோகத் துகள்கள் கோரின் குறுகிய வழிகளில் உள்ளே இருக்கும் துடுப்புகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினாலும், கம்ப்ரஸர் காற்று அடித்தாலும் முழுதாக வராது. சூடான ஆயில் பிரஷரோடு ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். ஃபில்டருக்கு முன்பே ஆயிலைக் கூலருக்கு அனுப்பும் தகடாக இருந்தால் ஃபில்டர் அதைப் பிடிக்கும், ஃபில்டருக்குப் பின் அனுப்பும் அமைப்பாக இருந்தால் துகள் நேராகப் புதுப் பேரிங்குக்குப் போகும். உங்கள் சொந்த இன்ஜினிலேயே பேரிங் போய் மறுபடி கட்டினாலும் இதே விதிதான்: ஹோஸ்களைக் கழுவிச் சோதித்துத் திரும்பப் போடலாம், தகட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம், கோரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.